கீழ்வாசல் கைதட்டல்

மெஹதிபட்டணம், ஹைதராபாத்
18 ஜூன் 1996

அன்புள்ள தமயந்தி அக்காவுக்கு,

சலபதியின் நமஸ்காரம். நான் சௌக்கியம். உன் ரத்தக்கொதிப்பு எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டு மிச்சம் பிடிக்கிறாய் என்று உன் ஓரகத்தி சாரதா எழுதியிருந்தாள். முழுசாகப் போடு.

கேட்டால் சிரிப்பாய், எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஓய்வு பெற்ற பிறகு வாரநாட்களைக் கூட எப்படியோ ஓட்டிவிடுகிறேன். காமேஸ்வரி என்னைத் தனியாக விட்டுவிட்டுக் கண்ணை மூடிய இந்த நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதான் பெரும்பாடு. குடிநீர் ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் அன்வர் பாயை உனக்கு நினைவிருக்கும். அவர் ஒரு சிறு கூட்டம் சேர்த்துக்கொண்டு, கோல்கொண்டா கோட்டைக்கு வருகிறவர்களுக்குக் காசு வாங்காமல் சுற்றிக்காட்டிக்கொண்டிருக்கிறார். என்னையும் இழுத்துப் போட்டுவிட்டார்.

"மியா, உனக்குத்தான் பேச வராதே. கை இருக்குல்ல? கீழ நின்னு தட்டு" என்றார்.

அதுதான் என் உத்தியோகம். கீழ்வாசல் மண்டபத்தின் கூரைக்கு நேர் அடியில் நின்று கைதட்டினால், மலை உச்சியில் இருக்கும் பாரதரி மாளிகையில் பக்கத்தில் தட்டியதுபோலக் கேட்கும். மேலே எங்கள் ஆள் ஒருவர் கூட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டுச் சிவப்புத் துணியை ஆட்டுவார். கொஞ்சம் குனிந்தால் வளைவு வழியாக அது ஒரு மிளகாய் வற்றல் அளவுக்குத் தெரியும். உடனே நான் தட்ட வேண்டும். இரண்டு தட்டு, ஒரு மூச்சு விட்டு இன்னொன்று. சம்பளத்துக்கு இருக்கும் வழிகாட்டிகளும் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருப்பதால், எங்கள் தட்டு தனியாகத் தெரிய இந்த ஏற்பாடு.

முதல் நாளே கரீம்நகர்ப் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "ராஜாவே வந்து தட்டுவாரா, இல்ல ஆள் வெச்சிருந்தாரா?" என்றார். "ஆள்தாங்க" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்போ நீங்க அந்த ஆளோட வம்சமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். காலில் விழாத குறை.

மேலே துணி ஆட்டுவது ஸ்வராஜ்யம்காரு. ஸ்வராஜ்யலட்சுமி என்பது முழுப்பெயர், நாங்கள் மரியாதைக்குக் 'காரு' சேர்த்துக் கூப்பிடுகிறோம். பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சராக இருந்தவர்.

சாரதாவுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன் தம்பி,
சலபதி

*

ராஜமுந்திரி
29 ஜூன் 1996

சிரஞ்சீவி சலபதிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

மாத்திரையை முழுசாகத்தான் போடுகிறேன். சாரதாவுக்குக் கோள் சொல்வதைத் தவிர வேறு வேலையில்லை. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, அது என்னோடுதான் போகும்.

ஊர் உலகத்தில் நாலு பேர் நமக்குக் கைதட்டினால் பெருமை. நீ நாலு பேருக்காகக் கைதட்டப் போயிருக்கிறாய். நம் அப்பா இருந்திருந்தால், என்ஜினியருக்குப் படிக்க வைத்தது இதற்குத்தானா என்று கேட்டிருப்பார். ஆனால் நீ வாய்விட்டு எழுதி வெகுநாள் ஆயிற்று. காமேஸ்வரி போனபின் உன் கடிதமெல்லாம் தந்தி மாதிரி இருந்தது. இந்தத் தடவை இரண்டு பக்கம் இருக்கிறது. தட்டு, நன்றாகத் தட்டு.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள். ஆவக்காய் ஊறுகாய் ஒரு ஜாடி, ஹைதராபாத் வரும் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். போன் போட்டுக்கொள் என்று இனிமேல் எழுதாதே. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தே என் காது தேய்ந்துவிட்டது. எனக்குத் தபால்காரர் போதும்.

தமயந்தி

*

ஹைதராபாத்
23 ஜூலை 1996

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

ஊறுகாய் வந்தது, பாதி தீர்ந்தும்விட்டது. ஸ்வராஜ்யம்காருவுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். காரம் போதாது என்றார். குண்டூர்க்காரராம், அவர்கள் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மானம் போயிற்று. ஆஷாட போனாலு திருவிழா நடக்கிறது அல்லவா, மலை மேலே அம்மன் கோயிலுக்குப் பெண்கள் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு சாரிசாரியாக ஏறுகிறார்கள். அந்த நெரிசலிலும் சுற்றிப் பார்க்க வந்த சிலரை எங்கள் ஆட்கள் மேலே கூட்டிக்கொண்டு போனார்கள். நான் வளைவு வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவப்பு தெரிந்தது, தட்டினேன். மறுபடி தெரிந்தது, மறுபடி தட்டினேன். இப்படியே ஆறேழு தடவை. கோயிலுக்குப் போன ஏதோ ஒரு அம்மாளின் புடவைத் தலைப்பு அக்கா அது!

மேலே ஸ்வராஜ்யம்காரு இன்னும் பேச்சையே ஆரம்பிக்கவில்லை. கூட்டம் மிரண்டுபோய், "என்ன சத்தம்?" என்று கேட்டதாம். அவர் அசரவில்லை. "கீழ யாரோ வந்திருக்காங்க, காவல்காரன் சொல்றான். விடாம தட்டறான்னா வந்தது எதிரி இல்ல, சம்பந்தி வீட்டுக்காரங்க. சமையலுக்குச் சொல்லுங்க" என்றிருக்கிறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்ததாம். அதிலிருந்தே கோட்டைக்குள் அந்தக் காலத்தில் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது, யார் வந்தால் என்ன தட்டு என்று பாடத்தை நடத்தி முடித்துவிட்டார்.

இறங்கி வந்து என்னிடம் கோபிப்பார் என்று பயந்தேன். "சலபதிகாரு, துணி எதுன்னு தெரியலையா, இல்ல எப்போ வரும்னு பொறுமை இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அன்வர் பாய் தேவையில்லாமல் இருமினார்.

நல்ல வழிகாட்டி என்பவர் நிறையத் தெரிந்தவர் என்று நினைத்திருந்தேன். தவறு நடந்தால் அதையே விருந்தாக்கிப் பரிமாறத் தெரிய வேண்டும் என்று இப்போது புரிகிறது.

உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

சலபதி

*

ராஜமுந்திரி
11 ஆகஸ்ட் 1996

சிரஞ்சீவி சலபதிக்கு ஆசீர்வாதம். இங்கே கோதாவரியில் வெள்ளம். மற்றபடி சௌக்கியம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கோட்டை என்று எத்தனை இடத்தில் வருகிறது, அந்த அம்மாள் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று சாரதா எண்ணிப் பார்த்தாள். கோட்டை தோற்றுவிட்டது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து அடுத்த வருஷம் ஐம்பது ஆகிறது. உனக்கு இப்போதுதான் ஸ்வராஜ்யம் வருகிறது போல.

கோபித்துக்கொள்ளாதே, சும்மா சொன்னேன். அவர் யார், என்ன என்று எழுது. என் ஊறுகாயில் காரம் போதாது என்று சொன்னவரைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு. அடுத்த தடவை அவருக்கென்று தனியாகப் போட்டு அனுப்புகிறேன், சாப்பிட்டுவிட்டுக் கண்ணீரோடு வாபஸ் வாங்கட்டும்.

தமயந்தி

*

ஹைதராபாத்
17 செப்டம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். பதில் தாமதமாகிவிட்டது, ஒரு வாரம் சளி. இப்போது தேவலை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. வாரங்கல் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முப்பது பேர் இருக்கும். அவர்களுடைய டீச்சர் இறங்கிய பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. ஒருவருக்கும் காது கேட்காது, பேச்சும் வராது.

அன்வர் பாய்க்கு முகம் விழுந்துவிட்டது. "கைதட்டலை விட்டுடுவோம். பீரங்கியைக் காட்டுவோம், ராமதாஸ் அடைபட்டிருந்த ஜெயிலைக் காட்டுவோம். பிஸ்கட் வாங்கிக் கொடுத்து அனுப்பிடுவோம்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கேட்காத பிள்ளைகளிடம் போய் இங்கே தட்டினால் அங்கே கேட்கும் என்று காட்டுவது, இலைபோட்டுச் சோறு வைக்காத மாதிரி இல்லையா?

ஸ்வராஜ்யம்காரு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "காது கேக்கலைன்னா கையும் இல்லையா?" என்றார்.

பிள்ளைகள் எல்லாரையும் என்னிடம் கீழே விட்டார். தான் மட்டும் துணியை எடுத்துக்கொண்டு அந்த வெயிலில் ஏறினார். அன்வர் பாய் மற்ற வழிகாட்டிகளிடம் ஓடிப்போய், "கொஞ்ச நேரம் யாரும் தட்டாதீங்கய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார். பிழைப்பை நிறுத்திவிட்டு அவர்களும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். அந்தக் கோட்டை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

முதலில் ஒரு பெண் குழந்தை வந்தது. பத்து வயசிருக்கும், ரெட்டைப் பின்னல். தட்டு என்று ஜாடை காட்டினேன். பட்டும் படாமலும் தட்டியது. மேலே ஒன்றும் அசையவில்லை. தோளைப் பிடித்து நடுக்கூரைக்கு நேராக நிறுத்தி, பலமாகத் தட்டு என்று காட்டினேன். தட்டியது. உச்சியில் சிவப்புத் துணி எழும்பியது.

அந்தக் குழந்தை துணியைப் பார்த்தது, பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தது. இன்னொரு தடவை தட்டியது, துணி எழுந்தது. அப்புறம் என்ன செய்தது தெரியுமா? கைகளை வேகமாகக் கொண்டுவந்து ஒன்றோடொன்று படாமல் நிறுத்திக்கொண்டு, ஓரக்கண்ணால் மேலே பார்த்தது. நம்மை ஏமாற்றுகிறார்களா என்று சோதிக்கிறது! துணி எழவில்லை. உடனே ஓங்கி ஒரு தட்டு. துணி எழுந்தது. அதற்குப் பிறகு அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே அக்கா. தான் போட்ட சத்தம் அவ்வளவு தூரம் போய் ஒரு ஆளைத் தொட்டிருக்கிறது என்று அதற்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. தன் டீச்சரிடம் ஓடிப்போய் விரல்களால் என்னவோ சொன்னது. என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். அந்த டீச்சர், "'நான் சத்தமா இருக்கேன்'ங்கறா சார்" என்றார்.

அப்புறம் யாரை நிறுத்த முடியும்? ஒவ்வொரு பிள்ளையும் தட்டியது, ஒவ்வொரு தட்டுக்கும் துணி எழுந்தது. ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. முடிந்து இறங்கி வந்தபோது அவரால் வலது கையால் டீக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, இடது கையால் குடித்தார். கை வலிக்கிறதா என்று கேட்டேன். "கரும்பலகைல எழுதி எழுதி வலிச்ச கைதானே, பழக்கம்தான்" என்றார். நான் இத்தனை வருஷம் ஊருக்குத் தண்ணீர் விட்டவன். அன்றைக்கு அவர் செய்ததற்கு முன்னால் நான் செய்தது எதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அவரைப் பற்றிக் கேட்டிருந்தாய். கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகன் புனேயில். இவர் தனியாக நல்லகுண்டாவில் இருக்கிறார். அவ்வளவுதான்.

சலபதி

*

ராஜமுந்திரி
2 அக்டோபர் 1996

சிரஞ்சீவி சலபதிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைச் சாரதாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் என்னால் படிக்க முடியவில்லை, அவள் வாங்கி மிச்சத்தைப் படித்தாள். 'நான் சத்தமா இருக்கேன்' என்ற இடத்தில் அவளும் நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

அந்த அம்மாளுக்கு என் நமஸ்காரத்தைச் சொல். காரமான ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். இது பந்தயத்துக்கு இல்லை, மரியாதைக்கு.

'அவ்வளவுதான்' என்று முடித்திருக்கிறாய். எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் இருந்தவள் நான். 'அவ்வளவுதான், வெச்சிடறேன்' என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைக்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

தமயந்தி

*

ஹைதராபாத்
19 நவம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். தீபாவளி நல்லபடி நடந்ததா? நான் அன்வர் பாய் வீட்டில் சாப்பிட்டேன். காகிதம் மாதிரி மடித்த பூதரேக்கு இனிப்பு அனுப்பியிருந்தாயே, அவர் பேரப்பிள்ளைகள் காகிதத்தைச் சாப்பிடுகிறோம் என்று கத்திக்கொண்டே தின்று தீர்த்தார்கள்.

ஸ்வராஜ்யம்காருவின் மகன் தீபாவளிக்கு வந்திருந்தான். நல்ல பையன். அம்மா இனிமேல் தனியாக இருக்க வேண்டாம் என்கிறான். சங்கராந்தி கழித்துப் புனேக்குக் கூட்டிக்கொண்டு போகிறானாம், வீட்டுக்காரரிடமும் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. அவர் இதை எங்களிடம் சொன்னபோது அன்வர் பாய் என்னைப் பார்த்தார். நான் டீக்கடைக்காரனிடம் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். ஒரு பேச்சுக்குத்தான். இந்த வயதில் இரண்டு பேர், பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒருவருக்கொருவர் துணையாக ஒரே வீட்டில் இருந்தால் அது தப்பா? ஊர் சொல்வதை விடு, நீ என்ன சொல்வாய்? அவரிடம் நான் எதுவும் பேசவில்லை. உன்னைக் கேட்காமல் பேசவும் மாட்டேன். வேண்டாம் என்று நீ எழுதினால் இந்தப் பேச்சு இத்தோடு சரி.

உன் பதிலை எதிர்பார்த்து,
சலபதி

*

ஹைதராபாத்
22 டிசம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சாரதா கார்டு போட்டிருந்தாள். "அக்கா நன்றாக இருக்கிறார், அதிகம் பேசுவதில்லை" என்று எழுதியிருந்தாள். என் முந்தைய கடிதம் தபாலில் தொலைந்திருந்தால் நல்லது. வந்திருந்தால் கிழித்துப் போட்டுவிடு.

இங்கே குளிர் அதிகம். இன்றைக்கு ஒரு புதுமண ஜோடி வந்தது. செருப்பு கடித்துவிட்டது என்று பெண் கீழேயே நின்றுவிட்டாள், மாப்பிள்ளை மேலே போனான். "நானே தட்டறேன் தாத்தா, அவர் கண்டுபிடிக்கிறாரான்னு பாப்போம்" என்றாள். தட்டினாள். அவன் இறங்கி வந்து, "அந்தத் தாத்தா நல்லாத் தட்டறாரு" என்றான். அவ்வளவுதான், பஸ் ஏறும்வரை அவள் அவனோடு பேசவில்லை.

சங்கராந்திக்கு இன்னும் மூன்று ஞாயிறுகள்தான் இருக்கின்றன. ஸ்வராஜ்யம்காருவுக்குப் பதில் மேலே யாரைப் போடுவது என்று அன்வர் பாய் ஆள் தேடுகிறார்.

மாத்திரையை மறக்காதே.

சலபதி

*

ராஜமுந்திரி
4 ஜனவரி 1997

சிரஞ்சீவி சலபதிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் தொலையவில்லை. நான் கிழிக்கவும் இல்லை. பதில் எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, ஒன்றரை மாதம் போய்விட்டது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ ஹைதராபாத்தில் படித்துக்கொண்டிருந்தாய். உன் அத்தான் காலமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது, நான் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்திருந்தேன். எனக்கு முப்பத்தொரு வயது. அங்கே தைவாதீனம் என்று ஒரு டெக்னீஷியன் இருந்தார். சாதுவான மனிதர். கம்பி அறுந்தால் கொட்டும் மழையிலும் கம்பத்தில் ஏறுவார். என்னிடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியது கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நேராக நம் அப்பாவிடம் வந்து, "உங்கள் மகளை எனக்குக் கொடுப்பீர்களா?" என்று கேட்டார்.

அப்பா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. ஒரு மாதம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது. தைவாதீனம் காகிநாடாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் வெகுகாலம், காகிநாடாவுக்கு யார் டிரங்க் கால் கேட்டாலும் நான்தான் இணைப்பேன். அந்தப் பக்கம் எப்போதாவது அவர் குரல் வரும், "ஹலோ, காகிநாடா" என்று. "ஹலோ, ராஜமுந்திரி" என்பேன். அதற்கு மேல் நாங்கள் பேசியது கிடையாது.

உன் கேள்வியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஆண்பிள்ளைக்கு அறுபதிலும் கேட்கத் தைரியம் வருகிறது பார் என்று கோபம். பிறகு அது உன் மேல் இல்லை என்று தெரிந்தது. 'நீ என்ன சொல்வாய்' என்று கேட்க உனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். எனக்குக் கேட்க ஆள் இல்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை. நம் வீட்டில் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் நீ. அதுதான் பதில் எழுத வரவில்லை.

நான் என்ன சொல்வேன் என்கிறாய். தப்பில்லை என்று சொல்வேன். முப்பத்தொன்றில் தப்பில்லை, அறுபதிலும் தப்பில்லை. ஆனால் கேட்க வேண்டியது என்னிடம் இல்லையடா, அவளிடம். சங்கராந்தி வந்துவிட்டது. பஞ்சாங்கம் பார்க்காதே, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போ.

தமயந்தி

*

நல்லகுண்டா, ஹைதராபாத்
16 ஜனவரி 1997

மரியாதைக்குரிய தமயந்தி அக்காவுக்கு,

ஸ்வராஜ்யலட்சுமியின் நமஸ்காரம். நாம் பார்த்ததில்லை. உங்கள் ஊறுகாயைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது ஜாடி என் வாயை அடைத்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

இந்தக் கடிதத்தை உங்கள் தம்பி எழுதியிருக்க வேண்டும். மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறார், 'அன்புள்ள அக்காவுக்கு' என்பதைத் தாண்டவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி எனக்குக் கோட்டையில் கடைசி ஞாயிறு. இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். நாள் முழுக்கத் துணி ஆட்டினேன், நாள் முழுக்கத் தட்டினார், ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் அன்வர் பாய் டீ வாங்கப் போகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. நாங்கள் இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். உங்கள் தம்பி பேச ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் மண்குழாய் வழியாக மலைக்குத் தண்ணீர் எப்படி ஏற்றினார்கள் என்று, இருட்டும்வரை பேசினார். நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன்.

"சலபதிகாரு, நான் புனே போயிட்டா உங்களுக்கு என்ன?" என்று கேட்டேன்.

"பாரதரிக்கு வேற ஆள் போடணும்" என்றார்.

"அது அன்வர் பாய் கவலை. உங்களுக்கு என்னன்னு கேட்டேன்."

செருப்பைப் பார்த்துக்கொண்டே, "நான் கீழ்வாசல்ல நிக்க மாட்டேன்" என்றார்.

"அப்போ எங்க நிப்பீங்க?"

"நீங்க சொல்ற இடத்துல."

அக்கா, எத்தனையோ பேருக்கு நான் கோட்டையைக் காட்டியிருக்கிறேன். இவ்வளவு பெரிய மனிதர் இவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பிள்ளைகள் வந்த அன்று நான் மேலே நின்றது மட்டும்தான் உங்களுக்கு எழுதியிருப்பார். கீழே ஒவ்வொரு குழந்தையையும் தோளைத் தொட்டுச் சரியான இடத்தில் நிறுத்தியது யார்? முதலில் சத்தம் வராத குழந்தைகளையெல்லாம் கடைசிவரை பொறுமையாக நின்று தட்ட வைத்தது யார்? இதையெல்லாம் அவர் எழுதமாட்டார். மேலே வந்து சேர்ந்த ஒவ்வொரு தட்டிலும் எனக்குத் தெரிந்தது.

நான்தான் கேட்டேன், "கையெழுத்துப் போடலாமா?" என்று. தலையை ஆட்டிவிட்டு, "அக்காவுக்கு எழுதணும்" என்றார். மகனுக்குப் போன் செய்தேன். "அவருக்குச் சமைக்கத் தெரியுமா, இல்ல அதுவும் உன் தலைலயா?" என்றான். தெரியும் என்று சொன்னேன். தெரியாது, பழக்கிக்கொள்ளலாம்.

பிப்ரவரி பதினேழாம் தேதி பதிவு. நீங்கள் வர வேண்டும். வந்தால் மட்டும் போதாது. உங்கள் தம்பியின் முதல் கல்யாணத்துக்கு எல்லா மாலையும் கட்டிக் கொடுத்துவிட்டு, தாலி கட்டும் நேரத்தில் நீங்கள் பின்கட்டில் பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்று சொன்னார். இன்றுவரை அது அவர் மனசில் உறுத்துகிறது. என் மகன் கல்யாணத்தில் நானும் தூணுக்குப் பின்னால்தான் நின்றேன், என் இடத்தில் தம்பி மனைவி நின்றாள். நாம் இருவரும் பின்னால் நின்றது போதும். பதிவாளர் ஆபீஸுக்குப் பின்கட்டு கிடையாது, போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதல் அட்சதை உங்கள் கையால் விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் போடுவார்கள். இது வேண்டுகோள் இல்லை, நான் டீச்சராக இருந்தவள்.

தங்கள்,
ஸ்வராஜ்யலட்சுமி

*

ராஜமுந்திரி
13 பிப்ரவரி 1997

சிரஞ்சீவி லட்சுமி சௌபாக்கியவதி ஸ்வராஜ்யத்துக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

கையெழுத்தாகும் முன்னால் சௌபாக்கியவதி என்று எழுதலாமா என்று சாரதா கேட்டாள். நாலு நாள்தானே என்றேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். பதினைந்தாம் தேதி ராத்திரி கோதாவரி எக்ஸ்பிரஸில் ஏறுகிறோம். சலபதியை ஸ்டேஷனுக்கு வரச் சொல். என் முழங்காலால் உன் கோட்டை உச்சிக்கெல்லாம் ஏற முடியாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அட்சதையைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றாள் சாரதா. வேண்டாம் என்றேன். முனை முறியாத அரிசியாகப் பொறுக்கினேன். மஞ்சளும் நெய்யும் விட்டுப் பிசைய உட்கார்ந்தேன். இருபத்தாறு வயதுக்குப் பிறகு இந்தக் காரியத்துக்கு யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. அரிசிப் பாத்திரத்தை நகர்த்தச் சொன்னால் நகர்த்துவேன், கை வைக்க மாட்டேன். எவ்வளவு மஞ்சள் போடுவது என்றே மறந்துபோயிருந்தது. கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை.

பாதிப் பிசையும்போதே உனக்கு எழுதத் தோன்றியது. கையைக் கழுவிவிட்டு எழுதுங்கள் அக்கா, காகிதமெல்லாம் மஞ்சளாகிறது என்றாள் சாரதா.

நான் கழுவவில்லை.

தமயந்தி